கடைசித் தட்டு

ஜெனரல் ஹெஸ்கெத் என்னை வரச்சொல்லி ஆள் அனுப்பியபோது, வழக்கம்போல ரோஜாச் செடியில் பூச்சி விழுந்ததைப் பற்றிப் புலம்பத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்துக்கொண்டு போனேன். போய்ப் பார்த்தால், மாடியிலிருந்த கட்டிலைக் கீழே இறக்கிப் போட்டிருந்தார்கள். ஆறடிக்கு மேல் உயரமான மனுஷன் அதில் பாதியாகச் சுருங்கிக் கிடந்தார். வயிற்றில் புற்றுநோய், டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள், கோடைவரை தாங்கினால் பெரிது என்று அவர் மனைவி ரோசலிண்ட் மேடம் வாசலிலேயே என்னிடம் சொல்லியிருந்தார்.

"உட்காருங்க, மிஸ்டர் அக்ராய்ட்," என்றார் ஜெனரல்.

எங்கள் பட்டாளத்தில் ரெஜிமென்ட் சார்ஜண்ட் மேஜரை ஆபீசர்கள் 'மிஸ்டர்' போட்டுத்தான் கூப்பிட வேண்டும். நான் அந்த வேலையிலிருந்து ஓய்வு பெற்று நாற்பது வருஷம் ஆகிறது. ஊரில் எனக்குப் பெயர் வில்ஃப். இவர் மட்டும் மிஸ்டரை விடவில்லை.

"எனக்கு ஆறு பேர் வேணும்," என்றார்.

"எதுக்கு சார்?"

"தூக்கறதுக்கு. தோள்ல வெச்சு, சர்ச் வாசல் வரைக்கும். கொக்குத் தொப்பி போட்ட நம்ம ஆளுங்க மட்டும். வேற யாரும் வேணாம்."

எனக்கு அழுகையும் வந்தது, எரிச்சலும் வந்தது. இந்த ஊரில் அவருக்கு முகம் கொடுத்துப் பேசுகிற பழைய சிப்பாய் நான் ஒருவன்தான். மிச்சப் பேர் அவர் எதிரே வந்தால் தெருவின் அந்தப் பக்கத்துக்குப் போய்விடுவார்கள். முப்பது வருஷமாக இதே கூத்து. இதில் ஆறு தோளுக்கு நான் எங்கே போவேன்?

"அடக்கம் பண்ற கம்பெனிக்காரங்களே நல்லாத் தூக்குவாங்க சார். கறுப்புக் கோட்டெல்லாம் போட்டுக்கிட்டு ஜம்முனு வருவாங்க."

"அவங்களுக்கு என்னைத் தெரியாதே."

"நம்ம ஆளுங்களுக்குத் தெரியும் சார். அதுதானே பிரச்சனை."

சிரித்துவிட்டார். சிரித்ததில் வலி வந்து கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்சம் பொறுத்து, "கேட்டு மட்டும் பாருங்க. கெஞ்ச வேணாம்," என்றார். நான் சரி என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, கேட்டருகே நின்று அவரை வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

ஆல்டர்டேல் பட்டாளம் என்றால் ஒரு காலத்தில் வட இங்கிலாந்தில் தெரியாத ஆள் இல்லை. எங்கள் ஊரில் பையன்கள் ஆலைக்குப் போவார்கள், இல்லையென்றால் பட்டாளத்துக்குப் போவார்கள். இரண்டும் இல்லாதவனோடு எந்தப் பெண்ணும் சனிக்கிழமை நடனத்துக்குப் போகமாட்டாள். தொப்பியில் எங்கள் சின்னம், ஒற்றைக்காலில் நிற்கும் கொக்கு. மற்றப் பட்டாளத்துக்காரர்கள் எங்களைப் பார்த்தால் "ஏன்டா, இன்னொரு காலை அடகு வெச்சுட்டீங்களா?" என்பார்கள். அதற்காகவே வாரத்துக்கு ஒரு அடிதடி நடக்கும்.

ஹெஸ்கெத் எங்களிடம் வந்து சேர்ந்தபோது மீசைகூடச் சரியாக முளைக்காத லெப்டினன்ட். தெற்கே பெரிய இடத்துப் பிள்ளை. வாயைத் திறந்தால் பாதிரியார் பைபிள் வாசிக்கிற மாதிரி பேச்சு. நான் அப்போது சாதாரணச் சிப்பாய். 'இந்த மெழுகு பொம்மை எத்தனை நாள் தாங்கும்?' என்று நாங்கள் பந்தயம் கட்டினோம்.

பட்டாளத்தில் ஒரு வழக்கம் உண்டு. வெளியே கிளம்பிப் போய்க் கூடாரம் போட்டால், முதலில் சிப்பாய் சாப்பிடுவான், பிறகு சார்ஜண்ட், கடைசியில்தான் ஆபீசர். எல்லா ஆபீசர்களும் வாயளவில் இதைக் காப்பாற்றுவார்கள். சமையல்காரன் அவர்களுக்காக நல்ல துண்டாகப் பார்த்துத் தனியே ஒளித்து வைத்திருப்பான். இது எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசமாட்டோம்.

ஜெர்மனியில் ஒரு பனிக்காலப் பயிற்சி. எங்கள் அண்டா காலி. சமையல்காரன் ஒளித்து வைத்த கறித்துண்டை ஹெஸ்கெத்திடம் நீட்டினான். அவர் அதைப் பார்த்தார். "இன்னும் யார் சாப்பிடல?" என்று கேட்டார். காவலுக்கு நின்ற நார்மன் பிக்கர்ஸ்கில் சாப்பிட்டிருக்கவில்லை. கறித்துண்டு நார்மனுக்குப் போயிற்று. ஹெஸ்கெத் ஒரு ரொட்டித் துண்டால் அண்டாவின் அடியை வழித்துத் தின்றுவிட்டு, "நல்லா இருந்துது," என்று சமையல்காரனிடம் சொன்னார். அன்றைக்கே அவருக்குப் பெயர் வைத்துவிட்டோம்: கடைசித் தட்டு. முதலில் கிண்டலாகத்தான் சொன்னோம்.

அரேபியாவில் ஏடனுக்குச் சண்டைக்குப் போனபோது அந்தக் கிண்டல் போயிற்று. குன்றின்மேல் மாட்டிக்கொண்டோம், தண்ணீர் மேலே வந்து சேரவில்லை. இருந்ததைக் குப்பி மூடியால் அளந்து எல்லோருக்கும் கொடுத்துவிட்டு அவர் உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டார். இரண்டாம் நாள் மத்தியானம் சுருண்டு விழுந்தார். டெனிஸ் அவுத்வெய்ட் என்று ஒரு பையன், வந்து சேர்ந்து வருஷம்கூட ஆகாதவன், அவர் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு கத்தினான்: "குடிச்சுத் தொலைங்க சார்! நீங்க செத்தா எங்களை யாரு கீழ கூட்டிட்டுப் போறது?" அந்த நிலையிலும் இந்தக் கிறுக்கு மனுஷன், "எல்லாரும் குடிச்சாச்சா?" என்று கேட்டார். டெனிஸ் பொய் சொல்லி, தன் பங்கை அவர் வாயில் ஊற்றினான். அதன்பிறகு ஹெஸ்கெத்தைப் பற்றி எவனாவது ஒரு சொல் தப்பாகச் சொன்னால் டெனிஸ் அவன் பல்லைத் தட்டிவிடுவான்.

பிறகு அவர் ஏறிக்கொண்டே போனார். கர்னலாகி எங்கள் பட்டாளத்தையே நடத்தினார். அப்போது நான் அவருக்கு சார்ஜண்ட் மேஜர். அயர்லாந்துக் கலவரத்தில், பெல்ஃபாஸ்ட் தெருக்களில் பையன்களைப் பறிகொடுத்தபோது ஒவ்வொரு வீட்டுக்கும் தானே போய்த் தாய்மார் முன்னால் உட்கார்ந்தார். என்னையும் கூட்டிக்கொண்டு போவார். அவர்கள் திட்டினால் தலையைக் குனிந்து வாங்கிக்கொள்வார். அப்புறம் பிரிகேடியர், அப்புறம் ஜெனரல், சர் பட்டம், லண்டனில் ராணுவத் தலைமையகத்தில் பெரிய மேஜை. எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. "மேல நம்ம ஆளு இருக்காருடா! கொக்கை எவன் தொட முடியும்?" என்று நார்மன் பப்பில் மேஜையைத் தட்டுவான்.

தொட்டது அவரேதான்.

ருஷ்யாக்காரன்மேல் இருந்த பயம் போனதும் அரசாங்கம் பட்டாளங்களைக் குறைக்கக் கிளம்பியது. எங்கள் பிரிவிலிருந்த பட்டாளங்களில் ஒன்றைக் கலைத்தாக வேண்டும். கலைக்க வேண்டியது ஆல்டர்டேல் இல்லை என்று ராணுவத்தில் எல்லோருக்கும் தெரியும். எங்களுக்கு ஆள் பஞ்சம் கிடையாது. அப்பன் விட்ட இடத்தில் பிள்ளை வந்து நிற்பான். அப்படியிருந்தும் ஒரு நாள் மழையில், எங்கள் அணிவகுப்புத் திடலில், பட்டாளத்தையும் ஊரிலிருந்த பழைய ஆட்களையும் நிற்கவைத்து ஜெனரல் ஹெஸ்கெத் பேசினார். குடை பிடிக்க வந்தவனை விலக்கிவிட்டார்.

"ஒரு பட்டாளம் போயே ஆகணும்னு முடிவாச்சு. எதுன்னு சொல்ற பொறுப்பு என்கிட்ட வந்துது. நான் நம்ம பேரைச் சொன்னேன். வேற யார் வாயிலேருந்தும் இதை நீங்க கேக்கக் கூடாதுன்னுதான் நானே வந்தேன்."

எங்கள் வழக்கப்படி, பேசி முடித்த ஜெனரலுக்குத் தொப்பியைக் கழற்றி மூன்று முறை ஆரவாரம் செய்ய வேண்டும். அன்றைய சார்ஜண்ட் மேஜர் தொண்டை கிழிய மூன்று முறை கட்டளை கொடுத்தான். ஒரு குரல்கூட வரவில்லை. மழைச் சத்தம் மட்டும்தான். அவர் சல்யூட் அடித்துவிட்டுக் காருக்கு நடந்தார்.

ஏன் சார் என்று நான் பிறகு கேட்டேன். மற்ற ஜெனரல்கள் எல்லாம் அவரவர் பட்டாளத்தைத் தாய்க்கோழி மாதிரி மூடிக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்களாம். "என் ஆளுங்களுக்கு எடுத்து வெச்சுட்டு அடுத்தவனைப் பட்டினி போடறதா, மிஸ்டர் அக்ராய்ட்? அதுக்கு எனக்கு மனசு வரல," என்றார். அதற்கு மேல் என்ன கேட்பது?

அடி வாங்கியது கடைசியாகச் சேர்ந்த பையன்கள். டெனிஸின் மகன் கெய்த்துக்கு அப்போது இருபது வயது தாண்டியிருந்தது. அந்த வீட்டில் நான்கு தலைமுறையாகக் கொக்குத்தான். பையனை வேறு பட்டாளத்துக்கு மாற்றினார்கள். அங்கே அவனை 'அநாதைக் கொக்கு' என்று கூப்பிட்டார்களாம். ஒரு வருஷத்தில் விட்டுவிட்டு வந்தான். அதற்குள் இங்கே ஆலையையும் மூடிவிட்டார்கள். குடித்தான், கட்டிய பெண் போய்விட்டாள், இப்போது லாரி ஓட்டுகிறான். அவன் வீட்டில் அந்தத் தொப்பி எங்கே இருக்கிறது என்று டெனிஸுக்கே தெரியாது.

ஓய்வு பெற்றதும் மற்ற ஜெனரல்கள் மாதிரித் தெற்கே வெயிலில் போய் உட்கார வேண்டியதுதானே? இவர் எங்கள் ஊரில் வந்து வீடு வாங்கினார். "என் ஆளுங்க இங்கதானே இருக்காங்க," என்றார். அந்த ஆட்களில் ஒருவன்கூட அவருக்கு வணக்கம் சொல்லவில்லை. வருஷா வருஷம் பழைய வீரர் விருந்துக்கு வருவார். அவர் பக்கத்து நாற்காலி காலியாகக் கிடக்கும். உப்பைக் கேட்டால்கூடக் காது கேட்காத மாதிரி இருப்பார்கள். நான் போய் உட்காருவேன். "ஜெனரல் வீட்டு நாய்க்குட்டி வந்துடுச்சு," என்று பின்னால் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

இப்படிப்பட்ட ஊரில்தான் நான் ஆறு தோள் தேடிக் கிளம்பினேன். கடைசியாகச் சேர்ந்தவர்களில், ஊரில் மிஞ்சியிருந்த ஐம்பது வயதுக்காரர்களிடம் முதலில் போனேன். கதவைக்கூட முழுசாகத் திறக்கவில்லை. "எங்களைக் குழியில போட்டவரை நாங்க தோள்ல போடணுமா?" என்று ஒருவன் கேட்டான். அதனால் கிழவர்களிடம் போனேன், அவர் கையில் சாப்பிட்டவர்களிடம்.

நார்மன் கசாப்புக் கடையை மருமகனிடம் விட்டுவிட்டு வீட்டில் இருந்தான். "உனக்கு மூளை குழம்பிடுச்சா வில்ஃப்? எனக்கு ரெண்டு முட்டியும் இரும்பு. நானே யாராவது தூக்கினாத்தான் மாடி ஏறுவேன்," என்றான். டீ போட்டுக் கொடுத்தான். அப்புறம், "ஜெர்மனியில அந்தக் கறி... சூடாக்கூட இல்ல, தெரியுமா? ஆனா அந்த மாதிரி ஒண்ணை நான் தின்னதே இல்ல. வரேன் போ," என்றான்.

இன்னும் நாலு பேரைத் திட்டியும் தாஜா பண்ணியும் பிடித்தேன். ஐந்தாயிற்று. முன்னால் நின்று கட்டளை கொடுக்க நான் வேண்டும், அதனால் ஆறாவது ஆள் டெனிஸாகத்தான் இருக்க முடியும். அந்தக் கிழவர்களில் வேறு யாரும் ஊரில் உயிரோடு இல்லை.

டெனிஸ் தன் காய்கறித் தோட்டத்தில் மண்வெட்டியோடு நின்றான். என்னைக் கண்டதும், "இல்ல," என்றான்.

"நான் இன்னும் வாயே திறக்கலையேடா."

"ஊரே பேசுது. இல்லன்னா இல்ல."

"அவரு சாகப் போறாரு டெனிஸ்."

"பட்டாளம் அவருக்கு முன்னாடியே செத்துது. அதை யாருய்யா தூக்கினா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "உனக்குத் தெரியாதா அந்த மனுஷனைப் பத்தி? ஏடன்ல உன் மடியிலதானே கிடந்தாரு? தனக்குன்னு ஒரு வாய் எடுத்துக்கிட்டிருப்பாரா எப்பவாவது? எல்லாத்தையும் அடுத்தவனுக்குக் குடுத்துட்டுக் கடைசித் தட்டை எடுக்கற ஆளு. பட்டாளத்தையும் அப்படித்தான் பண்ணினாரு. தன்னோடதைக் கடைசியில வெச்சாரு!"

டெனிஸ் மண்வெட்டியைக் கீழே போட்டான்.

"தன்னோடதா? அது அவரு தட்டாய்யா? அது எங்க தட்டு! எங்க தாத்தன் தட்டு, என் புள்ள தட்டு! தன் சாப்பாட்டைத் தூக்கிக் குடுத்தா தலைவணங்கறேன். ஏடன்ல வணங்கினேன். என் புள்ள வாயிலேருந்து பிடுங்கி ஊருக்குக் குடுத்துட்டு, 'பாரு, நான் பட்டினி கிடக்கேன்'னு வந்து மழையில நிக்கறாரு. குடை வேணாமாம்! பெரிய தியாகி!"

முப்பது வருஷமாக அவருக்காக ஊரோடு வாதாடினவன் நான். திரும்பி நடந்தேன்.

நேரே ஜெனரல் வீட்டுக்குப் போனேன். அவர் இன்னும் சுருங்கியிருந்தார். ரோசலிண்ட் மேடம் கரண்டியால் சூப் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"டெனிஸ்?" என்று கேட்டார் ஜெனரல்.

"வரல சார்."

"என்ன சொன்னார்?"

"விடுங்க சார்."

"மிஸ்டர் அக்ராய்ட். அவர் சொன்னதை அப்படியே சொல்லுங்க."

அந்தக் குரலுக்கு நான் எப்போதும் பணிந்துதான் பழக்கம். குடையைப் பற்றிச் சொன்னது உட்பட எல்லாவற்றையும் அப்படியே சொன்னேன்.

அவர் சூப்பை வேண்டாம் என்று தள்ளினார். ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கிடந்தார்.

"எங்க தட்டுன்னு சொன்னாரா?"

"ஆமா சார்."

"எனக்கு அது தோணவே இல்ல. இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூடத் தோணல. என்னோடதுன்னு நெனச்சேன். அதனாலதான் குடுத்தேன்."

அவர் அழுது நான் பார்த்ததில்லை. பெல்ஃபாஸ்டில்கூட இல்லை. இப்போது கண்ணீர் காதுப் பக்கமாக வழிந்து தலையணையில் இறங்கியது. துடைக்கக்கூடக் கை எழவில்லை. ரோசலிண்ட் மேடம் கைக்குட்டையை எடுத்துத் துடைத்தார். துடைத்துக்கொண்டே வெடித்தார்: "நல்லவனா இருக்கறதை ஒரு நாள், ஒரே ஒரு நாள் நீ நிறுத்தியிருக்கலாம் லயனல்!" சொல்லிவிட்டுச் சூப்புக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டார்.

"டெனிஸ்கிட்ட போய்ச் சொல்லுங்க," என்றார் ஜெனரல். "அவர் சொல்றது சரின்னு நான் சொன்னேன்னு சொல்லுங்க. தூக்க வரச்சொல்லிக் கேக்காதீங்க. அதைக் கேக்கறதுக்கு எனக்கு இனிமே வாய் இல்ல. இதை மட்டும் சொல்லிட்டு வந்துடுங்க."

போய்ச் சொன்னேன். டெனிஸ் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் களை பிடுங்கிக்கொண்டிருந்தான். கேட்டானா இல்லையா என்றே தெரியவில்லை. அந்த வாரமே ஜெனரல் போய்ச் சேர்ந்தார். டெனிஸ் என்ன சொன்னான் என்று அவர் கடைசிவரை என்னிடம் கேட்கவில்லை.

அடக்கத்துக்கு முந்தின நாள் நார்மனின் பழைய கடை முற்றத்தில் ஒத்திகை வைத்தோம். பழைய கதவு ஒன்றைப் போட்டு அதன்மேல் உருளைக்கிழங்கு மூட்டைகளை அடுக்கினோம். ஐந்து பேரும் கொக்குத் தொப்பியோடு வந்து நின்றார்கள். தொப்பி மட்டும்தான் பழைய அளவில் இருந்தது. ஒருவனுக்கு நெஞ்சில் இயந்திரம் வைத்திருக்கிறது, ஒருவனுக்குக் காது சுத்தமாகக் கேட்காது, ஒருவனுக்குக் கை நடுங்குகிறது. எப்படி ஐந்து பேரை வைத்துத் தூக்குவது என்று நான் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. டெனிஸ் வந்தான். தொப்பி, மெடல், பளபளக்கும் ஷூ. யார் முகத்தையும் பார்க்காமல், "என் உயரத்துக்கு நான் எங்க நிக்கணும்?" என்று கேட்டான்.

"பின்னாடி, இடது பக்கம்," என்றேன்.

தூக்கினோம். முற்றத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போவதற்குள் நார்மன் முகம் சிவந்து கறுத்துவிட்டது. ஒரு மூட்டை சரிந்து காது கேட்காதவன் காலில் விழுந்தது. அவன் போட்ட சத்தத்தில் நாய் குரைத்தது. சிரித்தோம். சிரித்துக்கொண்டே ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டபோது எல்லோருக்கும் ஒரே பயம். சர்ச் எங்கள் ஊரில் மேட்டின்மேல் இருக்கிறது.

ராணுவத்தின் சார்பில் வேறொரு பட்டாளத்திலிருந்து ஒரு கேப்டன் வந்திருந்தான். மரியாதையான பையன். "ஆறு வலுவான பசங்களை அனுப்பறோம் சார், ஒரு சொல்லு சொன்னாப் போதும்," என்றான். அவன் தொப்பியில் வேறு சின்னம். ரோசலிண்ட் மேடம் அதை ஒரு நிமிஷம் பார்த்தார். "ரொம்ப நன்றி. அவர் கொக்குதான் வேணும்னு சொல்லிட்டுப் போயிட்டார்," என்றார்.

அன்று சாயங்காலம் டெனிஸ் கெய்த்தைக் கேட்கப் போனான். நானும் கூடப் போனேன். கெய்த் தன் லாரியைக் கழுவிக்கொண்டிருந்தான். ஐம்பது வயதிலும் காளை மாதிரி தோள்.

"எனக்காகக் கேக்கறேன்டா," என்றான் டெனிஸ். "நீ ஒருத்தன் நடுவுல நின்னாப் போதும். எங்களால மேடு ஏற முடியாது."

"நீ போப்பா. உன்னை நான் தடுக்கல," என்றான் கெய்த். "நீ அவர்கூட இருந்தவன். உனக்குப் பட்டாளம் இருந்துது. எனக்கு என்ன இருந்துது?" குழாயைத் திறந்துவிட்டுச் சக்கரத்தைக் கழுவ ஆரம்பித்தான்.

அடக்க நாளில் மழை இல்லை, ஆனால் பாதை ஈரமாக இருந்தது. ஊரே வந்திருந்தது என்று சொல்ல மாட்டேன். வந்தவர்களும் பாதி வேடிக்கை பார்க்கத்தான் வந்தார்கள். கல்லறைத் தோட்டச் சுவருக்கு வெளியே அந்த ஐம்பது வயதுக்காரர்கள் கும்பலாக நின்றார்கள். கெய்த்தும் அவர்களோடு நின்றான், கோட்டுப் பைக்குள் கையை விட்டுக்கொண்டு.

வண்டியிலிருந்து பெட்டியை இறக்கினோம். அதன்மேல் அவருடைய வாளும் தொப்பியும். நான் முன்னால் நின்று கட்டளை கொடுத்தேன். ஆறு பேரும் தோளில் ஏற்றினார்கள். அந்த ஒரு கணம், கர்த்தரே, அவர்கள் கிழவர்களாகவே இல்லை. முதுகு நேராக, முகம் நேராக, மூச்சுக்கூட ஒரே சமயத்தில் விட்டார்கள். இடது, வலது என்று நான் சொல்ல, மேட்டில் ஏற ஆரம்பித்தார்கள். கேட்டைத் தாண்டினோம். வாசல் தெரிந்தது. முடித்துவிடுவோம் என்றுதான் நினைத்தேன்.

நார்மனின் முட்டி மடங்கியது. அவன் சத்தமே போடவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு கீழே போனான். பெட்டி முன்பக்கம் சாய்ந்தது. வாள் வழுக்கிக் கல்லில் விழுந்தது. "பிடிங்கடா! பிடிங்கடா!" என்று கத்தினேன். ஐந்து பேரும் பிடித்துத்தான் பார்த்தார்கள். நடுங்குகிற கை, இயந்திரம் வைத்த நெஞ்சு, எதை வைத்துப் பிடிப்பார்கள்? கறுப்புக் கோட்டுக்காரர்கள் ஓடிவந்து தாங்கிக்கொண்டார்கள். கீழே விழவில்லை. அவர்கள் எதற்கும் இருக்கட்டும் என்று மரத்துக்குப் பின்னால் ஒரு தள்ளுவண்டியைத் தயாராக வைத்திருந்தார்கள். சத்தமில்லாமல் அதை உருட்டிக்கொண்டு வந்து பெட்டியை அதன்மேல் வைத்தார்கள்.

நார்மன் ஈரப் பாதையில் உட்கார்ந்தபடி, "மன்னிச்சிடுங்க சார், மன்னிச்சிடுங்க சார்," என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

நான் சுவர்ப் பக்கம் பார்த்தேன். அங்கே நின்ற எல்லோரும் தொப்பியைக் கழற்றியிருந்தார்கள். கெய்த் ஒரு கையைச் சுவர்மேல் ஊன்றியிருந்தான். தாண்டி வந்துவிடுவான் என்றே நினைத்தேன். டெனிஸும் அவனைத்தான் பார்த்தான். அப்பனும் பிள்ளையும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தபடி நின்றார்கள். கெய்த் அழுதான், எனக்கு நன்றாகத் தெரிந்தது. ஆனால் வரவில்லை.

டெனிஸ் திரும்பிப் பெட்டிமேல் கையை வைத்தான். பக்கத்தில் நிற்கிற ஆளிடம் பேசுகிற மாதிரி, தாழ்ந்த குரலில் பேசினான்.

"பாத்தீங்களா சார்? பட்டாளம் இருந்திருந்தா இன்னிக்கு இருபது பசங்க நான் நீன்னு அடிச்சுக்கிட்டிருப்பாங்க, உங்களைத் தூக்க. ஒரு குலுக்கல் இல்லாம உள்ள கொண்டுபோயிருப்பாங்க. எங்களுக்கு இல்லாம பண்ணினீங்க, சரி. உங்களுக்கும் இல்லாம பண்ணிக்கிட்டீங்களே, என் ராசா."

ஆபீசரை யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. நான் கண்டிக்கவில்லை.

நார்மனை இரண்டு பேர் தூக்கி நிறுத்தினார்கள். ஆறு பேரும் தள்ளுவண்டிக்கு இரண்டு பக்கமும் நின்று பெட்டிமேல் ஒரு கையை வைத்துக்கொண்டார்கள். கறுப்புக் கோட்டுக்காரன் தள்ளினான். சக்கரத்துக்குக் கட்டளை தேவையில்லைதான். ஆனாலும் நான் முன்னால் நடந்துகொண்டு, அழுதுகொண்டு, வாசல்வரை இடது, வலது என்று சொல்லிக்கொண்டே போனேன்.